சேமித்த பெயர்கள்

மன்னார்குடி பந்தலடிக்குப் பக்கத்துச் சந்தில்
மோட்டார் கடை வைத்திருந்தவர்
"உங்க நம்பர் மாறிடுச்சா, அடிச்சுப் பாக்குறேன்" என்று
என் கண் முன்னாலேயே
என்னை அழைத்தார்.

விலைப்பட்டியலின் மேல்
மல்லாந்து கிடந்த என் போன்
அதிர்ந்து அதிர்ந்து
அவர் பக்கமாகவே நகர்ந்து போனது.
திரையில் கொட்டை எழுத்தில்
கஞ்சன் கலியமூர்த்தி.

பொத்தினேன்.
உள்ளங்கைக்குக் கீழே
பிடிபட்ட தவளையாக அது துடித்தது.
அவர் துண்டிக்கவில்லை.
முழு மணியும் அடித்து ஓயும்வரை
காதில் வைத்தபடி என்னையே பார்த்தார்.
கடைப்பையன் நட்டுகளை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டான்.

"இனிஷியல் விட்டுப்போச்சு தம்பி.
த. கலியமூர்த்தி."

கல்லாவைத் திறந்தார்.
நாலு மாத பாக்கி
நாற்பத்தோராயிரத்து முந்நூற்று மூன்று ரூபாய்.
அந்த மூன்று ரூபாயைச் சில்லறையாக
ஒவ்வொன்றாய் வைத்தார்.
டீ வரவழைத்தார்.
குடித்து முடிக்கும்வரை
மேட்டூரில் எத்தனை அடி என்று பேசிக்கொண்டிருந்தார்.
அடுத்த வாரம் அந்தக் கடையில்
வேறு கம்பெனி போர்டு தொங்கியது.

பாமணியாற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்தி
ஒவ்வொரு பெயராகத் திருத்தினேன்.
நாளைக்கு நமச்சிவாயம்.
வாய்தா வைரக்கண்ணு.
கூத்தாநல்லூர் இழுவை.
இருநூற்றுப் பதின்மூன்று பேர்.
இருட்டிவிட்டது.
ஒருவருக்கும் எனக்கு
இனிஷியல் தெரியவில்லை.

இது முதல் தடவை என்றால்
சொல்லியிருக்கவே மாட்டேன்.

அதற்கு இரண்டு வருஷம் முன்னால்
தலைஞாயிறு தாண்டி,
ஆற்றுக்கு அரிச்சந்திரா என்று பெயர்,
அதன் கரையில் நின்று
மணிக்கு எத்தனை லிட்டர் கொட்டும் என்று
அட்டையைக் காட்டி அளந்துகொண்டிருந்தேன்.
சித்திரை வெயில். தொண்டை இழுத்தது. தண்ணி கேட்டேன்.
வேதையன் எவர்சில்வர் சொம்பில் கொண்டுவந்தார்.
முதல் வாயிலேயே கடல்.

"போர் தண்ணிங்க.
நல்ல தண்ணி லாரி இன்னும் வரல."
சங்கடப்பட்டது அவர்தான்.
விழுங்கினேன்.
பத்து குதிரைத்திறன் போட்டு
அந்த உப்பை எந்த வயலுக்கு இறைப்பது?
வழவழ அட்டையை மடக்கிய சத்தம்
எனக்கு இன்னும் கேட்கிறது.

பிறந்தநாள் வாழ்த்தை
கம்ப்யூட்டர் தானே அனுப்பிவிடும்.
குடவாசல் பக்கம் ஞானசேகரனுக்கு
'மேலும் நூறாண்டு' என்று போயிருந்தது.
பதில் வந்தது:
'அவர் ஐப்பசியில் இறந்துட்டார்.
ஸ்டார்ட்டர் மக்கர் பண்ணுது. ஆள் அனுப்பவும்.
தில்லைநாயகி.'

ஆள் அனுப்பவில்லை, நானே போனேன்.
அதுவும் தப்பு.
எனக்கு விற்கத்தான் தெரியும், கழற்றத் தெரியாது.
தாளடிப் பயிர் தண்ணீருக்கு நிற்க
டார்ச் பிடித்தபடி அவர் காத்திருக்க
டெஸ்டரை எங்கே வைப்பது என்று முழித்தேன்.
"நாளைக்கு மெக்கானிக் வரட்டும்" என்றார்.
துக்கம் கேட்க வந்தேன் என்பதை
வரப்பில் திரும்பி நடக்கும்போதுதான்
நினைத்துக்கொண்டேன்.

திருச்சி ஓட்டல் ஏசியில்
கோட்டு போட்ட ஒருவர் வகுப்பெடுத்தார்:
வாடிக்கையாளர் மனசில் இடம் பிடியுங்கள்.
நோட்டில் எழுதிக்கொண்டேன்.
சாப்பாடு நன்றாக இருந்தது.

இப்போதெல்லாம் எந்த ஊரிலும்
பையைத் திறக்கும் முன்
தண்ணி கேட்கிறேன்.
தாகத்துக்கு அல்ல.
பெயரை எழுத்துக்கூட்டிக் கேட்கிறேன்.
சிலர் சிரிக்கிறார்கள்,
ரேஷன் கார்டா எடுக்குறீங்க?

போன தை மாதம்,
கொள்முதல் நிலையத்து வாசலில்
மூட்டைகளுக்கு நடுவே நின்றபோது
போன் அடித்தது.
த. கலியமூர்த்தி, பந்தலடி.
மூன்றாவது மணியில்தான் எடுக்கத் துணிந்தேன்.

"கை தவறிப் பட்டுடுச்சு தம்பி."
வைத்துவிட்டார்.

என் நம்பரை அவர்
இன்னும் அழிக்கவில்லை.
என்ன பெயரில் வைத்திருக்கிறார் என்றுதான்
தெரியவில்லை.